புல்வெட்டும் வண்டிக்கு எதிரே மூன்று நாற்காலிகளும் ஒரு வாளியும்

மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதியில் நியூ ஜெர்ஸிக்காரர்கள் பாதிப் பேர் கடற்கரையில் இருப்பார்கள். நாங்கள் அதற்கு முந்தைய சனிக்கிழமை நெடுஞ்சாலை ஓரத்தில் களை பிடுங்கப் போனோம். இப்படி ஒரு பயணத்தை யாராவது திட்டமிடுவீர்களா என்று தெரியவில்லை. திட்டமிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு, மான்மவுத் ஜங்ஷனில் வீடு. எங்கள் ஊர்த் தோட்டக் கிளப்பில் பதினேழு வயதுக்குக் குறைந்த ஒரே உறுப்பினர். கிளப்பின் பொறுப்பில் மூன்று நினைவுப் பலகைகள் இருக்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பம், அதில் உலோகப் பலகை, உச்சியில் ஒரு நீல நட்சத்திரம். ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கும் இப்போது பணியாற்றுகிறவர்களுக்கும் மரியாதையாகச் சாலையோரம் நட்டவை. கம்பத்தைச் சுற்றிப் பூப்பாத்தி போட்டுப் பராமரிப்பது எங்கள் வேலை.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். அப்பா கார் ஓட்டினார், பக்கத்தில் கிளப்பில் இருக்கும் ஸ்டெல்லா ஆன்ட்டி, பின்னால் நானும் செடித் தட்டுகளும். ஆன்ட்டி தூத்துக்குடிக்காரர். அவருடைய மகன் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறான். பார்ட்டிகளில் இதைச் சொன்னால் நம் ஆட்கள் "அப்படியா, காலேஜ் கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். ஆன்ட்டி இப்போதெல்லாம் பார்ட்டிகளுக்குப் போவதில்லை.

முதல் பலகை நூலக வாசலில். நிழலும் தண்ணீர்க் குழாயும் உண்டு, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவது, எட்டு மைல் தள்ளி ஒரு காய்கறிப் பண்ணைக் கடைக்கு எதிரில். அங்கே ஸ்ட்ராபெரி வாங்காமல் திரும்பாதீர்கள். இரண்டிலும் சேர்த்து இரண்டு மணி நேர வேலை.

மூன்றாவதுதான் விஷயம். அங்கிருந்து பதினொரு மைல், நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன கார் நிறுத்துமிடம். எந்தச் சாலை என்று எழுதக் கூடாது என்பது ஆன்ட்டியின் உத்தரவு. காரணம் கீழே புரியும். மகனைப் பயிற்சிக்கு அனுப்பிய அன்று அங்கேதான் காரை நிறுத்தி, ஃபிளாஸ்கில் இருந்த காபியை அவனோடு குடித்தாராம். ஆனால் போன வருடம் புல் வெட்டும் ஒப்பந்தக்காரர்கள் அந்தப் பாத்தியைச் செடியோடு மூன்று முறை வழித்துவிட்டுப் போனார்கள். இந்த முறையும் அப்படி நடந்தால் மூன்றாவது பலகையைக் கைவிடுவது என்று கிளப் முடிவெடுத்திருந்தது. கிளப் தலைவி பார்பரா எங்களுக்கு முன்பே வந்து, தன் காரில் சாய்ந்தபடி காத்திருந்தார்.

கம்பத்தைத் துடைத்து, களை எடுத்து, சால்வியாவும் சாமந்தியும் நட்டு முடித்தோம். அப்பா அப்போதுதான் காரிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார். உள்ளே இந்தியன் ஸ்டோரில் வாங்கிய சாமந்தி மாலை.

"அக்கா, நீங்களே போடுங்க. ஒரு மரியாதைக்கு."

ஆன்ட்டி கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "தம்பி, இது நீல நட்சத்திரம். பிள்ளை பட்டாளத்துல இருக்கான், உயிரோட இருக்கான்னு அர்த்தம். செத்துப்போனா அதுக்குத் தங்க நட்சத்திரம். படத்துக்கு மாலை போடுற மாதிரி எம்பிள்ளைக்குப் போட வந்துட்டீங்களா?"

"ஐயோ அக்கா, நான் அப்படி நினைக்கவே..."

"மாலை வீணாப் போகுதேன்னு இருந்தா உங்க கழுத்துல போட்டுக்கிடுங்க."

பாவம், அப்பா நிஜமாகவே போட்டுக்கொண்டார். பார்பராவுக்கு ஒன்றும் புரியவில்லை, அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் புல்வெட்டும் டிராக்டர் வந்தது. வாரம் முழுக்க மழை, அதனால் சனிக்கிழமையும் வேலை போலிருக்கிறது. ஓட்டுநர் தாடி வைத்த பெரிய மனிதர். வேலி வரை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள், பூச்செடி பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

பார்பரா பெருமூச்சு விட்டார். "ஸ்டெல்லா, லெட் இட் கோ."

ஆன்ட்டி எங்கள் கார் டிக்கியைத் திறந்து தன் மடக்கு நாற்காலிகள் இரண்டையும் எடுத்துவந்து பாத்திக்கு முன்னால் விரித்தார். "ஏளா, உக்காரு," என்றார் என்னிடம்.

"எதுக்கு ஆன்ட்டி?"

"எங்க ஊர்ல தண்ணி வரலைன்னா காலிக் குடத்தை வச்சுட்டு நடுரோட்டுல உக்காருவோம். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தாத்தான் எந்திரிப்போம். பஸ்ஸே நின்னுருக்கு. இது புல்லு வெட்டுற வண்டி!"

உட்கார்ந்தேன். அப்பா வாளியைக் கவிழ்த்துப்போட்டு, மாலையும் கழுத்துமாக அதன் மேல் உட்கார்ந்தார்.

"மேடம், ப்ளீஸ் மூவ்."

"நோ."

"பக்கத்துல ஆள் இருந்தா நான் பிளேடை ஓட்டக் கூடாது. அது ரூல்."

"குட் ரூல்," என்றார் ஆன்ட்டி.

ஓட்டுநர் எங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். ஆன்ட்டியிடம் தயக்கத்தோடு கேட்டார், உங்கள் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று.

"இல்ல. எம்பிள்ளை கப்பல்ல இருக்கான். இந்நேரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும். சாப்பிடலைன்னா அவனுக்கு இருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே தன் மேற்பார்வையாளரை ஃபோனில் அழைத்தார். நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். மூன்று பேர்தானே என்று திரும்பிப் பார்த்தேன். பார்பரா தன் காரிலிருந்து ஒரு பச்சை நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விரித்து உட்கார்ந்திருந்தார். "என்னைப் பார்க்காதே, முட்டி வலி," என்றார் ஆங்கிலத்தில்.

விட்டுவிட்டு வெட்டு என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்க வேண்டும், டிராக்டர் எங்களைச் சுற்றி வளைத்து வெட்டிக்கொண்டு போனது. இரண்டு வாரத்தில் மறுபடி வருவேன், அது நானாகவே இருப்பேன் என்று சொல்ல முடியாது என்றார் ஓட்டுநர்.

"வாங்க. நாங்க இருப்போம்."

திரும்பி வரும்போது யோசித்தேன். என் பள்ளியில் ஒருத்தி கேட்டிருக்கிறாள், உங்கள் குடும்பத்தில்தான் யாரும் ராணுவத்தில் இல்லையே, உனக்கென்ன இதில் என்று. காலேஜ் விண்ணப்பத்தில் எழுதுவதற்காகவா என்று அத்தையும் கேட்டார். எழுத மாட்டேன். அந்தச் சாலையில் நானும்தான் தினம் போகிறேன். பூ பூக்க வைத்த இடத்தை வழித்துவிட்டுப் போகலாம் என்றால், எதிரில் ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு. மொத்தம் நாற்பது மைல், பேருந்து கிடையாது, கார் வேண்டும். என்ன செடி என்று அங்கங்கே இருக்கும் தோட்டக் கிளப்பிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை மட்டும் நடுங்கள். தொப்பி, தண்ணீர், தூரத்திலிருந்தே தெரியும் பளிச்சென்ற மஞ்சள் சட்டை கட்டாயம். சாலைப் பக்கம் முதுகைக் காட்டி வேலை செய்யாதீர்கள். நீல நட்சத்திரத்துக்கு மாலை போடாதீர்கள்.

எங்கள் மூன்றாவது பலகையைக் கிளப் கைவிடவில்லை. புல் வெட்ட வரும் நாட்களை முறை வைத்துப் பிரித்துக்கொண்டோம். ஜூனில் பள்ளி முடிந்ததும் காலை நேரங்கள் என்னுடையவை. புத்தகம் எடுத்துப்போவேன், தடிமனான புத்தகமாக. வண்டி வந்து ஹாரன் அடித்தால் பக்கத்தைத் திருப்பிக்கொள்வேன்.