பாபின் சொந்த ஊர்

பிப்ரவரி 11, 2001. ஞாயிறு. காலை ஆறுக்கு எழுந்தேன். காபி. டிரைவ்வேயில் பனி தள்ளினேன் — இருபது நிமிடம். எட்டு மணிக்கு வாழை இலைகளைத் துடைத்து அடுக்கினேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே ஆபீஸிலிருந்து கிளம்பி, எடிசன் ஊரின் இந்தியக் கடை வரை போய் வாங்கியவை.

மதியம் என் மேனேஜர் பாப், மனைவியுடன் சாப்பிட வருகிறார்.

என் விசாவுக்கு இது ஆறாவது, கடைசி வருடம். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் பாப் கையெழுத்துப் போட வேண்டும். ஃபைல் நான்கு மாதமாக அவர் மேஜையில் கிடக்கிறது. கேட்டால் "நெக்ஸ்ட் வீக்." போடாவிட்டால் ஜூலையில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒருவரோடு ஒட்டிக்கொள்ள நம் ஆட்கள் முதலில் என்ன கேட்போம்? சொந்த ஊர் எது? அது தெரிந்தால் பாதி உறவு வந்த மாதிரி... பாபின் குடும்பப் பெயர் வான் லிண்டர்பீக். லிண்டர்பீக் என்பது பெல்ஜியத்தில், பிளெமிஷ் மொழி பேசும் பகுதியில் ஒரு சிற்றூர். நூலகத்தில் கண்டுபிடித்தேன். மூன்று வாரம் படித்தேன். இருபத்திரண்டு பக்கம் குறிப்பு.

கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, கடலிடமிருந்து பிடுங்கிய களிமண் பூமி. ஊருக்கே ஒரே மேடு, சர்ச் நிற்கும் இடம். ஆளிச் செடியை ஓடையில் ஊறவைத்து, நார் உரித்து லினன் நெய்தார்கள். முதல் உலகப் போரில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. ஊர்க்காரர்கள் பேசியது பிளெமிஷ். ராணுவ அதிகாரிகள் கட்டளையிட்டது பிரெஞ்சில். போர் முடிந்ததும் பழைய வரைபடத்தை வைத்து அதே தெருக்களை அதே இடத்தில் கட்டினார்கள். இன்றும் உருளைக்கிழங்கு தோண்டினால் கூடவே வெடிகுண்டு வருகிறதாம்.

"ஏங்க, எங்க அப்பா ஊரு எந்தத் தாலுக்கா? சொல்லுங்க பாப்போம்," என்றாள் என் மனைவி வசந்தி, வடைக்கு அரைத்தபடி.

தெரியவில்லை.

"அப்பா, ஹி இஸ் ஃப்ரம் பிட்ஸ்பர்க்," என்றாள் மகள் நித்யா.

பாப் மூன்றாவது வடை கேட்டபோது, சமயம் பார்த்து, நான் வரைந்த மேப்பை விரித்தேன்.

"ஓ! ஹாலந்து!" பாபுக்கு ஒரே சந்தோஷம்.

"நோ பாப். பெல்ஜியம்."

தாத்தா ஹாலந்திலிருந்து வந்ததாகத்தான் வீட்டில் பேச்சு என்றார். ஹாலில் டச்சு மரச்செருப்புகூட மாட்டியிருக்கிறோம், தோட்டத்தில் வருடா வருடம் ஹாலந்தின் டியூலிப் பூதான் என்றார் அவர் மனைவி கேரல்.

விட்டேனா? பென்சிலால் எல்லைக்கோட்டைத் தொட்டுக் காட்டினேன். ஓடை, சர்ச், தாத்தா கப்பலேறிய துறைமுகம் — எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

"தர்ட்டி இயர்ஸ் ஆஃப் டியூலிப்ஸ், பாப்!" கேரல் விழுந்து விழுந்து சிரித்தார். பாப் சிரிக்கவில்லை. மேஜைக்கடியில் வசந்தி என் காலை மிதித்தாள்.

"யூ ஆர் ஃப்ரம் பாம்பே, ரைட்?" என்றார் பாப்.

ஆறு வருடத்தில் என் ஊரைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் திண்டுக்கல். பம்பாயில் விமானம் மாறியதோடு சரி.

"யெஸ்," என்றேன்.

அவருக்கு ஹாலந்தை ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்காத நான், திண்டுக்கல்லை ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டேன்.

கார் கிளம்பியதும் வசந்தி சொன்னாள். "அந்தாளோட தாத்தாவையே நாடு கடத்திட்டீங்க. இனி நாமதான் பாக்கி."

திங்கள் காலை ஏழே முக்காலுக்கே ஆபீஸ் போனேன். பாபிடம் மன்னிப்புக் கேட்கும் உத்தேசம். அவர் இன்னும் வரவில்லை. என் மேஜையில் அந்த ஃபைல் இருந்தது. கையெழுத்து இல்லை. மேலே மஞ்சள் சீட்டில் பாப் எழுதியிருந்தார்: இந்த வருடம் யாருக்கும் கிரீன் கார்டு இல்லை, ஸாரி.

எனக்குத் தேதி பார்க்கும் பழக்கம் உண்டு. முதல் வேலையாகச் சீட்டின் மூலையில் அதைத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. நான் எடிசனில் கிழியாத இலையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம்.