வூட்டுக்காரர்

அந்த வருஷம் எதைப் பார்த்தாலும் சலிப்பாக இருந்தது. திருவொற்றியூரிலிருந்து காலை ரயிலில் நின்றபடியே கோர்ட்டுக்குப் போவது, வாய்தா வாங்குவது, நின்றபடியே திரும்புவது. வக்கீல் தொழிலில் முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது. கட்சிக்காரர் தமிழில் பேசுவதைப் போனில் பதிவு செய்து கொடுத்தால் இங்கிலீஷில் வாக்குமூலமாகவே எழுதித் தரும் ஏஐ செயலி ஒன்று கைக்கு வந்தபோது, கும்பிடாத குறைதான்.

அந்த நேரத்தில்தான் மீன் விற்கும் ஒரு அம்மாவின் வழக்கு வந்தது. புருஷன் மாரடைப்பில் போய்விட்டார். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு கிடையாது. புருஷனின் அண்ணன், இவள் என் தம்பி வீட்டில் வாடகைக்கு இருந்தவள், பெண்டாட்டியே இல்லை என்று ஆட்சேபித்ததில் வாரிசுச் சான்றிதழ் நின்றுபோனது. இந்த அம்மா மனைவிதான் என்று கோர்ட் சொல்ல வேண்டும். வழக்கே அவ்வளவுதான்.

மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து என் அறையில் ஒரு மணி நேரம் பேசினார். அவர் வயசுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. பேச்சு நெடுக எங்க வூட்டுக்காரரு, எங்க வூட்டுக்காரருதான். அது போனில் பதிவாகிறது என்று அவரிடம் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. செயலி தந்த ஆறு பக்கத்தைப் புரட்டினேன், படிக்கவில்லை. கையெழுத்து வாங்கினேன். கடைசியில் வழக்கமான ஒரு வரி: இதைத் தமிழில் படித்துக் காட்டி விளக்கினேன், அவர் புரிந்துகொண்டார். அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

குறுக்கு விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் நாலாம் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். இறந்தவர் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் என்று அந்த அம்மாவே சத்தியம் செய்திருந்தார். ஓரிடத்தில் அல்ல, பதினோரு இடத்தில். செயலிக்கு வூட்டுக்காரர் என்றால் வாடகை வாங்குகிறவர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இதை உங்கள் வக்கீல் படித்துக் காட்டினாரா என்பது அடுத்த கேள்வி. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"பட்ச்சி காட்னாரு ஐயா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

எனக்காகச் சொன்ன பொய். அது பதிவாகிவிட்டால் அவர் காலத்துக்கும் வெறும் குடித்தனக்காரி.

எழுந்தேன். நான் படித்துக் காட்டவில்லை, நானே படிக்கவில்லை, மெஷின் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திட்டினார். அதில் ஒரு சொல்லும் அதிகமில்லை. புது வாக்குமூலம் கொடுக்க அனுமதித்தார். என்மேல் நடவடிக்கை எடுப்பதைப் பற்றிப் பிறகு பார்ப்பதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அந்த அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். யார்மேல் எரிச்சல் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் உங்களுக்கு அசிங்கமாகிவிடுமே சார் என்றார்.

சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை நானே தமிழில் எழுதி, வரி வரியாகப் படித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே வந்தவர் மூன்றாம் பக்கத்தில் கை காட்டி நிறுத்தினார். எங்கேயாவது தப்பா என்று கேட்டேன்.

"தப்பு இல்ல சார். நான் அவரு பொஞ்சாதின்னு ஒண்ணு கீதே, அத்த இன்னொரு தபா படி சார்."