பதில் சொல்லாமல் நின்ற ராஜா

பாலக்கரை சவரிராயனைப் பேச்சில் மடக்கியவர் எவரும் இல்லை. 1958 வரை திருச்சி ஜில்லா முழுக்க அவருக்கு இருந்த பெயர் அதுதான். அவருக்குச் சோறு போட்டதும் அந்தப் பெயர்தான்.

அவர் ஸ்பெஷல் நாடக நடிகர். இந்த நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கோயில் திருவிழாவுக்கு ராஜா வேஷக்காரரை ஓர் ஊரிலிருந்தும், பெண் வேஷக்காரியை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். இருவரும் மேடையில்தான் சந்திப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. கூட்டம் வருவது நடுவில் நடக்கும் தர்க்கத்துக்கு. அவள் கேட்பாள், அவன் மடக்க வேண்டும். அவன் கேட்பான், அவள் மடக்க வேண்டும். பதில் வராமல் நின்றவரைத் தேடி அடுத்த வருஷம் அந்த ஊரிலிருந்து யாரும் வெற்றிலை பாக்கோடு வரமாட்டார்கள்.

சவரிராயன் சின்ன வயதிலேயே, சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டவர். கேட்ட கேள்வி தரையில் விழக்கூடாது என்பது அங்கே வாத்தியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அது அவருக்கு எலும்பில் இறங்கிவிட்டது. ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் மோர்க்காரி வேஷம் கட்டிய வள்ளிக்கண்ணு, ஊரை ஆளும் மகாராஜாவுக்கு என் மோரின் விலை தெரியுமா என்று கேட்டார். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது.

"விலை தெரியுது பெண்ணே. மோருதான் எங்கன்னு தெரியல. பானை முழுக்கக் காவேரில்ல இருக்கு!"

அன்று கூட்டத்தில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு டைரக்டர் உட்கார்ந்திருந்தார். ஒரே மாதத்தில் சவரிராயன் ஸ்டூடியோவில் நின்றார். சின்ன வேஷம். குழந்தையை அநாதை ஆசிரமத்தில் விட்டுவிட்டு ஓடிப்போன ஒரு தகப்பன். மகள் வளர்ந்து, அவரைத் தேடிக் கண்டுபிடித்து, ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்கிறாள். தகப்பன் பேசாமல் நிற்கிறான். அவ்வளவுதான் காட்சி.

அதுதான் அவருக்கு வரவில்லை. மகளாக நடித்த பெண் கேட்டு முடிக்கும் முன்பே விதியைப் பற்றி ஒரு விருத்தம் எடுத்தார். அடுத்த டேக்கில் வறுமையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். லைட் பாய்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இங்க உங்களுக்கு வசனமே இல்ல."

"அந்தப் பொண்ணு கேட்டாங்களே தம்பி?"

"கேக்கட்டும்ணே."

சவரிராயனுக்கு அது புரியவே இல்லை. கேட்டால் எப்படிச் சும்மா நிற்பது? டீ குடிக்க இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்த டைரக்டர் வேறு மாதிரி சொன்னார்.

"சரிண்ணே, பதில் சொல்லுங்க. ஆனா அந்தப் பொண்ணு ஒத்துக்கிற பதிலா இருக்கணும்."

காமிரா ஓடியது. அவள் கேட்டாள். சவரிராயன் வாயைத் திறந்தார். ஒன்றை எடுத்தார், அது ஆகாது என்று விட்டார். இன்னொன்றை எடுத்தார், அதையும் விட்டார். தாடை அசைகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. உலகத்தில் உள்ள பதிலையெல்லாம் ஒரு மனிதன் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதை அப்படியே பார்க்கலாம். ஃபிலிம் தீரும்வரை யாரும் கட் சொல்லவில்லை.

மெட்ராஸ் பத்திரிகைகள் புகழ்ந்தன. திருச்சி சிரித்தது. சவரிராயன் தோற்றுவிட்டார் என்றே இங்கே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சுடலைமுத்து அவரை வழியிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, ஒரு சின்னப் பொண்ணு கேட்டதுக்கு இப்படி முழிச்சுட்டு வந்திருக்கீங்க?"

"நான் சம்பளம் வாங்கிட்டு முழிச்சேன். நீ டிக்கெட் வாங்கிட்டுல்ல முழிச்சே!"

ஆனாலும் பங்குனியில் இரண்டு ஊர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. தொட்டியம் மட்டும் அழைத்தது. எதிரே வள்ளிக்கண்ணு. இங்கே ஜெயித்தால் பழைய பெயர் திரும்பிவிடும், இல்லையென்றால் நாடகப் பிழைப்பு அதோடு சரி. வாழைத் தோப்புகளைத் தாண்டி மாட்டுவண்டிகளில் வந்து இறங்கிய கூட்டத்துக்கும் இது தெரியும்.

தர்க்கத்தில் அவர் வள்ளிக்கண்ணுவைத் திணறடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் அந்த அம்மாள் மோர்ப்பானையை இறக்கி வைத்தார். மோர்க்காரியின் குரலை விட்டுவிட்டு, படத்தில் அந்தப் பெண் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"பெத்த பொண்ணை விட்டுட்டுப் போனீங்களே, ஏன்?"

கூட்டம் துள்ளியது. ஹார்மோனியக்காரர் அப்துல் ரஹீம், விருத்தம் வரப்போகிறது என்று சுருதியைப் பிடித்துக் காத்திருந்தார். சவரிராயன் வாயைத் திறந்தார். மூடினார். சுருதி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. சொல்லுப்பா சவரி என்று பின்னாலிருந்து ஒரு குரல் கெஞ்சியது. கிரீடம் வைத்த தலை நிமிர்ந்தபடியே இருந்தது. கடைசியில் அடுத்த பாட்டுக்குப் போகும்படி அப்துல் ரஹீமுக்குக் கை காட்டினார். அவர் மேடை வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. சீழ்க்கை அடங்க நேரமாயிற்று.

வேஷம் கலைக்கும் இடத்தில் வள்ளிக்கண்ணு வந்து நின்றார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"நீங்க பத்து பதில் சொல்லுவீங்கன்னுதானேண்ணே கேட்டேன். படத்துல வந்த கெட்ட பேரு போயிடும்னு பாத்தேன். ஒண்ணுகூடவா இல்ல?"

"இருந்துச்சு வள்ளி. கூட்டம் ஒத்துக்கிற பதில் பத்து இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஒத்துக்கிறது ஒண்ணும் இல்ல." தேங்காயெண்ணெயால் முகத்து அரிதாரத்தைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார். "இங்க ஒண்ணைச் சொல்லியிருந்தா, அங்க நான் நின்னது பொய்யாப் போயிருக்கும்."

அதன்பின் எந்த ஊரும் அவரை ராஜா வேஷத்துக்கு அழைக்கவில்லை. மெட்ராஸ் அழைத்தது. தகப்பன், வாட்ச்மேன், கோர்ட்டில் நிற்கும் விவசாயி என்று பல வருஷங்கள் நடித்தார். பெரும்பாலும் பேச்சு குறைவான வேஷங்கள்.

அடுத்த பங்குனியில் காந்தி மார்க்கெட் சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டினார்கள்: 'சவரிராயனை வாயடைத்த வள்ளிக்கண்ணு'. பக்கத்திலேயே அவருடைய இரண்டாவது படத்தின் போஸ்டர், மூலையில் பொடி எழுத்தில் அவர் பெயர். இரண்டையும் நின்று படித்தார். பிறகு தன் காசிலேயே ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு பாலக்கரைக்கு நடந்தார்.