முகம் தெளிந்தபோது

என் கணவரின் புற்றுநோய் மாத்திரையை நிறுத்தியவள் நான்தான். அவருக்குத் தெரியாமல்! டாக்டருக்கும் தெரியாமல்!

நுரையீரலில் கட்டி. தினம் ஒரு மாத்திரை. என்னவெல்லாம் வரும் என்று டாக்டர் விளக்கியபோது, கூச்சத்தில் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். என் கணவருக்கோ காது மந்தம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் முகமும் மார்பும் சிவந்து, முத்து முத்தாகக் கொப்புளங்கள்... வலியசாலைத் தெருவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுசீலா வாசலில் நின்றே பார்த்தாள்.

"எக்கா, இது அம்மையாக்கும்! அம்மை போட்ட ஒடம்புக்கு மருந்து குடுத்தா அவ கோவிப்பாளே!"

நானும் அப்படித்தானே வளர்ந்தேன்? ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டாக்டரைவிட அம்மனிடம் எனக்குப் பயம் அதிகம்.

நிறுத்தினால் அவர் கேட்பாரே! என் சத்து மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பார்க்காமலே விழுங்கினார்.

முகம் தெளிந்தது! வேப்பிலைத் தண்ணீரை அவர் தலைக்கு ஊற்றி, அம்மன் இறங்கிவிட்டாள் என்று அழுதேன். பழைய மாத்திரையைக் கொடுத்தால் மறுபடி வருவாளோ...? கொடுக்கவே இல்லை.

அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. டாக்டர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"முகத்துல குரு, கொப்புளம் வரலியா?" என்று மலையாளம் கலந்த தமிழில் உரக்கக் கேட்டார்.

"வந்துது, போயிட்டு," என்றார் இவர்.

"அது மருந்தால வாறது. கண்டா மருந்து பிடிக்குதுன்னு எங்களுக்கு சந்தோஷம். தினமும் மருந்து கழிச்சோ? விடாம சாப்பிட்டீங்களா?"

"இவ விடுவாளா டாக்டரே? பட்டாளத்து சுபேதாராக்கும்!"

டாக்டர் சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான்... ஆமாம் என்று தலையாட்டினேன்!

"அப்போ இந்த மருந்து கேக்கல. ஊசிக்கு மாறலாம்."

அந்த நிமிடம் வாயைத் திறந்திருந்தால், அந்த மாத்திரையையே திரும்பக் கொடுத்திருப்பார்களோ? யாரிடம் கேட்பேன்? கேட்டால் சொல்லவேண்டுமே!

இப்போது ஊசி. முடி கொட்டிவிட்டது. சோறு இறங்கவில்லை. வாந்திக்குப் பாத்திரம் பிடிக்கும்போது, "பகவதி, ஒனக்குத்தான் எம்புட்டு கஷ்டம்," என்கிறார் என்னிடம். ஐயோ, அவர் என்னைத் திட்டக்கூடாதா!

ஒவ்வொரு ஊசிக்கும் டாக்டர் என் பக்கம் திரும்பி, வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்கிறார். இந்தத் தடவை சொல்லிவிடுவேன் என்றுதான் நானும் ஆட்டோவில் ஏறுகிறேன்... நம்புங்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டுத்தான் திரும்புகிறேன்.