கோழிக் கொட்டகையில் பெண் பார்த்த கதை

தெல்தெனியவில் ஒருத்தர் கோழிக்கு விசிறி வீசிச் சம்பளம் வாங்குகிறாராம். குளிர் தாங்காமல் கோழியெல்லாம் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறதாம். நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில் யாரோ சொன்னதை ஒரு கண்டக்டர் கேட்டு, மச்சானிடம் சொல்ல, மச்சான் பழனியாண்டியிடம் சொன்னார். பழனியாண்டி அதை அந்த விசிறிக்காரர் வீரய்யாவிடமே போனில் கேட்டார்.

"கம்பளி மட்டும் பொய்ங்க," என்றார் வீரய்யா.

"அப்ப மத்ததெல்லாம் நெசமா!" பழனியாண்டி அசந்து போய், தன் மகனுக்கு வீரய்யாவின் மகளைப் பெண் பார்க்க வரும் நாளை அப்போதே சொல்லிவிட்டார்.

வீரய்யா பன்வில மலையில் பிறந்தவர். வெயில் என்றால் துணி காயும் நேரம் என்று மட்டுமே அறிந்து வளர்ந்தவர், ஒன்பது வருடமாக முஹைதீன் முதலாளியின் பண்ணையில் நாலாயிரம் கோழிகளின் குளிருக்குக் காவல். கொட்டகையின் ஒரு முனையில் தேன்கூடு மாதிரி கண்வைத்த அட்டைச் சுவர். அதன்மேல் ஓயாமல் தண்ணீர் வழியும். மறுமுனையில் நாலு பெரிய விசிறிகள் காற்றை உறிஞ்சும். மற்ற பக்கமெல்லாம் தார்ப்பாய்ப் படங்கால் இறுக மூடியிருந்தால்தான் காற்று ஈர அட்டைக்குள் நுழைந்து குளிர்ந்து வரும். அட்டையில் பாசி தேய்ப்பது, குழாயின் துளைகளைக் குத்திவிடுவது, தொட்டித் தண்ணீரை மாற்றுவது எல்லாம் வீரய்யாதான். பக்கத்தில் அவருடைய தகர வீடு வெந்துகொண்டிருக்கும்.

"அடுத்த பொறப்புலயாவது கோழியாப் பொறக்கணும்," என்பாள் மனைவி சுப்பம்மா.

போன வருடம் குழாய் அடைத்து இருநூறு கோழி செத்தபோது, முதலாளி கொட்டகைச் சுவரில் சூடு காட்டும் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். சூடு முப்பதைத் தாண்டினால் அது முதலில் வீரய்யாவுக்கும் அடுத்து முதலாளிக்கும் போன் எடுக்கும். "இன்னொரு தரம் சூடேறினாலும் சரி, வெளியாள் உள்ள வந்தாலும் சரி, நீ வெளியே. வெளங்குதா வீரய்யா?" வேலை போனால் வீடும் போகும். நிரந்தர வேலைக்காரன் மகள் என்றுதான் பழனியாண்டி வீட்டாரும் வருகிறார்கள்.

பங்குனி வெயிலில் வந்தார்கள். தகரத்துக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்த பழனியாண்டியின் பட்டு வேட்டி தொடையில் ஒட்டிக்கொண்டது.

"கோழிக்குக் குடுக்குற மரியாதய எங்களுக்குக் குடுக்க மாட்டீங்களா?"

வீரய்யாவால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்திருந்த கதிரைகள் கொட்டகைக்குப் போயின. வாசலில் கால் நனைக்க வைத்திருந்த பினாயில் தொட்டியைப் பார்த்து மாப்பிள்ளையின் தாய் வடிவம்மா நெகிழ்ந்து போனாள். "பால்ல காலு கழுவ வைக்கிறீங்களே! வாசந்தான் ஒரு மாதிரி."

மகள் சீதா கோழிகளை மிதிக்காமல் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக் கோழியைப் பார்த்தான். எல்லாம் நன்றாகத்தான் போனது, பழனியாண்டி எழும்பும் வரை.

"என்னாங்க இப்பிடி அடச்சு வச்சிருக்கீங்க? வெளிக்காத்தே வரல்லியே!"

"மாமா, அது தொறந்தா..." என்று சீதா தொடங்கினாள். சுப்பம்மா அவளைக் கிள்ளினாள்.

"முப்பத்தஞ்சு வருசம் ஃபேக்டரி மாடியில கொழுந்து வாட்டுன ஆளும்மா நான். காத்தப் பத்தி எனக்குச் சொல்லாத." பக்கத்துப் படங்கைத் தேயிலைத் தொழிற்சாலை ஜன்னலைத் திறப்பது மாதிரி தலைக்கு மேல் சுருட்டிக் கட்டினார். பிறகு எதிர்ப்பக்கத்தையும். "இப்பப் பாருங்க!"

வீரய்யா பெட்டியைத்தான் பார்த்தார். இருபத்தொன்பது. முப்பது. விசிறிகள் ஈர அட்டையை மறந்து வெளி வெயிலை உறிஞ்சின. மாப்பிள்ளையின் தகப்பனிடம் 'நீங்கள் செய்தது பிழை' என்று எப்படிச் சொல்வது? முப்பத்தொன்று. சட்டைப் பையில் போன் அடித்தது. கொட்டகைதான் கூப்பிடுகிறது. துண்டித்தார்.

"பொண்ணு புடிச்சிருக்கு," என்றாள் வடிவம்மா. "இப்பவே தட்டு மாத்திருவோம்."

சுப்பம்மா வெற்றிலைத் தட்டை வீரய்யாவின் இரண்டு கைகளிலும் வைத்தாள். பழனியாண்டி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அப்போது போன் மறுபடி அடித்தது. மெல்லிய சட்டைத் துணிக்குள் 'முதலாளி' என்ற எழுத்து ஒளிர்ந்தது.

"எடுங்க சம்பந்தி," என்றார் பழனியாண்டி, முதல் முறையாக அந்த உறவைச் சொல்லி. "நல்ல நேரத்துல வர்ற போனு."

தட்டைக் கீழே வைத்தால் அபசகுனம். வைக்காவிட்டால் போனை எடுக்கவும் முடியாது, படங்கை இறக்கவும் முடியாது. நாலாயிரம் கோழிகளும் வாயைப் பிளந்துகொண்டு வீரய்யாவைப் பார்த்தன. பழனியாண்டி இன்னும் தட்டைத் தொடவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.