மத்தியான மரண அறிவித்தல்

அப்பப்பாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபந்தான். கண்ணீர் பிறகு வரும், சில நாள் வராமலும் விடும். நேரே போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடுகிற காரியத்தைக்கூட ஊரெல்லாம் சுற்றித்தான் செய்வார். அந்தச் சுற்றில் அகப்பட்டு முழித்தது நான்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு இருந்தது. அப்பா, அம்மா, நான், அப்பாவைப் பெற்ற அப்பப்பா. அவர் இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர். கடலோரத் தண்டவாளத்தில் போகிற கோச்சி பிந்தினால் அம்மாதான் அதைப் பிடித்துவைத்திருந்ததுபோல அவளுடன் சண்டைக்குப் போவார். அம்மா மறுபேச்சுப் பேசமாட்டாள். பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது படுகிறது.

அவருடைய நாளிலே பெரிய காரியம் மத்தியானம் வானொலியில் வரும் மரண அறிவித்தல். அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் டெலிபோன் இருந்தது? யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்ணை மூடினால் கொழும்பில் இருக்கிற சொந்தத்துக்கு வானொலிதான் சொல்லவேண்டும். செத்தவர் இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மாமனார் என்று பரம்பரை முழுவதையும் வாசித்து முடிப்பார்கள். அது முடியும்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் இருமக்கூடாது. அம்மா அப்பளம் பொரிப்பதை நிறுத்திவிட்டுக் கரண்டியோடு நிற்பாள்.

முடிந்ததும் அப்பப்பா பிழை பிடிப்பார். "சகோதரங்களின்ரை பிள்ளையள், பெறாமக்கள் ஒருத்தரையும் சொல்லேல்லை. கிரியை எத்தினை மணிக்கெண்டும் இல்லை. சனம் என்னெண்டு போய்ச் சேருறது?" செத்தவர் யாரென்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. பிறகு அம்மா அடுப்படிக்குள் போய் அப்பளச் சத்தத்தில் மூழ்கியதும், சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ம், இனி என்ரையைச் சொல்லு" என்பார். நான் அவருடைய மரண அறிவித்தலை வாசிக்கவேண்டும். சின்ன வகுப்பென்பதால் பள்ளிக்கூடம் வேளைக்கே விட்டுவிடும், வெயிலில் நடந்து வந்து சோற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளை நான். கைகட்டி நேரே நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி வானொலிக்காரரின் குரலை வரவழைத்து, "இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர் அவர்கள் காலமானார்" என்று தொடங்குவேன். அவர் கால்விரலை ஆட்டிக்கொண்டு கேட்பார். ஒரு சொல் பிசகினாலும் முதலிலிருந்து சாகவேண்டும். சோறு ஆறிப்போகும்.

இதில் என்னைப் படாதபாடு படுத்தியது மருமகனின் பெயர். அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தா, எனக்கு மாமி. தன்னோடு ஒரே கந்தோரில் வேலைசெய்த சிங்களவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு களனிக்குப் போய்விட்டா. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது நடந்தது அது. அதற்குப் பிறகு அவவின் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவவின் கணவருக்கோ பெயரே கிடையாது, தவறிப் பேச்சு வந்தால் 'களனியான்'. யாராவது வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அப்பப்பா கூசாமல், "ரெண்டு பெடியள்" என்பார்.

அதே வாய்தான் மத்தியானத்தில் எனக்கு மாமியின் பெயரைச் சொல்லித் தந்தது. அண்ணன்மார் இருவரின் பெயருக்கும் பின்னால், அவர்களுக்குக் கொடுத்த அதே மரியாதையோடு. அடுத்து, 'அன்பு மாமனாரும்' என்ற இடத்தில் மாமியின் கணவரின் பெயர், அவர்களுடைய வழக்கப்படி பரம்பரைப் பெயரோடு சேர்த்து. அந்தப் பெயர் கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் களனியில்தான் இறங்கும், அவ்வளவு நீளம். நான் பாதியில் விழுங்கினால் கண்ணைத் திறக்காமலே, "முழுசாச் சொல்லு. அந்தாளுக்கு அப்பன் ஆத்தை வைச்ச பேர்" என்பார்.

ஒருநாள் பசி தாங்காமல் கேட்டேவிட்டேன். "மாமியிலை இவ்வளவு விருப்பமெண்டால் வரச் சொல்லுங்கோவன், அப்பப்பா."

"செத்தாப்பிறகு வருவாள்தானே" என்றார். "நீ இதை வெளியிலை கதைக்காதை."

நான் கதைக்கவில்லை. கதைப்பதற்கு அதில் என்ன இருந்தது? சோற்றைத் தாமதப்படுத்துகிற இன்னொரு கரைச்சல், அவ்வளவுதான். ஆனால் இப்போது யோசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. களனி என்ன கடல் கடந்தா இருக்கிறது? கோட்டைக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து இன்னொரு பஸ். ஆயுள் முழுக்க மற்றவர்களை ஏற்றி அனுப்பிய மனுசனுக்குத் தான் ஏறத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு காலை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. பம்பலப்பிட்டியிலிருந்து பெரியப்பா வந்தார். அழுகை ஓய்ந்ததும் அறிவித்தலை எழுத உட்கார்ந்தார்கள். மத்தியான ஒலிபரப்புக்குச் சேர்ப்பதென்றால் உடனே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பெரியப்பா பேனாவைப் பிடித்தார், பிள்ளைகள் என்ற இடத்தில் இரண்டு பெயரை எழுதினார், அடுத்த வரிக்குப் போனார்.

அப்பா மெதுவாக, "தங்கச்சியின்ரை பேர்?" என்றார்.

"அப்பாவே அவளை மகளெண்டு சொல்லேல்லை. நாங்கள் ஏன் ரேடியோவிலை சொல்லுவான்?"

"கேட்டுக்கொண்டிருப்பாள், அண்ணை. பேரில்லாட்டி வரமாட்டாள்."

"வராட்டி விடட்டும். அப்பாவுக்கு விருப்பமில்லாததை நான் செய்யமாட்டன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

மாமிக்காக நான் வாயைத் திறந்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். முகமே தெரியாத மாமிக்காக எனக்கு என்ன வந்தது? அத்தனை மத்தியானம் பசியோடு நின்று பாடமாக்கியது வீணாகப் போகிறதே என்ற ஆத்திரம். அதைவிட, அவர்கள் எழுதுவது பிழை. நான் நடு அறைக்கு வந்து, கைகட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தொடக்கத்திலிருந்து சொன்னேன். பிறந்த இடம், வதிவிடம், உத்தியோகம், அன்புக் கணவர், பாசமிகு தந்தை. மாமியின் பெயர் வந்ததும் அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். நான் கையைத் தட்டிவிட்டு மருமகனின் பெயரை, பரம்பரைப் பெயரோடு, ஒரு எழுத்து விழுங்காமல் சொல்லி, "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடித்தேன்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஆர் உனக்கு உந்தப் பேரைச் சொன்னது?"

"அப்பப்பா."

பொய் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. அந்த முழுப்பெயரை எங்கள் வீட்டில் ஒருவருமே சொன்னதில்லையே, நான் வேறு எங்கே போய்ப் பொறுக்கியிருக்க முடியும்? செத்தவரின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவை அப்பாவின் பக்கம் தள்ளிவிட்டு, "நீ எழுது" என்றார். அப்பா பேனாவை எடுத்தார். எழுத எழுத நான் பக்கத்தில் நின்று பிழை திருத்தினேன்.

மத்தியானம் வானொலியில் வாசித்தார்கள். வாசித்தவர் மருமகனின் பெயரை நடுவில் உடைத்து இரண்டு ஆளாக்கிவிட்டார், எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பெயர் வந்தது.

பொழுதுபடுவதற்குள் மாமி வந்துவிட்டா. அம்மா சொல்லித்தான் அவதான் மாமி என்று எனக்குத் தெரிந்தது. பின்னால் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமுமாக அவவின் கணவர். பெரியப்பா எழும்பித் தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார். மாமி ஒப்பாரி ஒன்றும் வைக்கவில்லை. தலைமாட்டில் இருந்து அப்பப்பாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தா. அப்பா குனிந்து, காலையில் நடந்ததை அவவுக்குச் சொன்னார். மாமி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டா.

"நானும் ஒவ்வொரு நாள் மத்தியானமும் அறிவித்தல் கேக்கிறனான், பிள்ளை" என்றா. "அப்பாவின்ரை பேர் வந்திடுமோ எண்டு பயந்து பயந்து. வந்தாலும் என்ரை பேர் வராதெண்டு நினைச்சன்." பிறகு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினா. "இதை எப்ப உனக்குச் சொல்லித் தந்தவர்? கடைசியா வருத்தம் வந்து படுக்கையிலை கிடக்கேக்கையோ?"

"வருத்தம் ஒண்டும் இல்லை, மாமி" என்றேன். அப்பப்பாவை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று எனக்கு ஒரு ரோசம் வந்திருந்தது. "ஒவ்வொரு நாளும் சொல்லித் தந்தவர். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினதிலை இருந்து. ரேடியோவிலை அறிவித்தல் முடிஞ்ச உடனை."

அதுவரை சத்தமில்லாமல் இருந்த மாமி அப்போதுதான் வாய்விட்டு அழத் தொடங்கினா. நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஒவ்வொரு நாளுமோ, ஒவ்வொரு நாளுமோ" என்று அப்பப்பாவைப் பிடித்து உலுக்கினா. கணவர் வந்து தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள், நான் ஏதோ கூடாததைச் சொல்லிவிட்டதுபோல. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவ சந்தோஷப்படட்டும் என்றுதானே நான் அதைச் சொன்னேன்.