ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

ஜொகூர் பாருவில் இருக்கிறேன் என்று சொன்னால் கோலாலம்பூர்ச் சொந்தக்காரர்கள், "சிங்கப்பூரு பக்கத்துலயே இருக்கீங்க, ஜாலிதான்" என்பார்கள். ஒரு பத்து வருடம் இங்கே குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பெரிய ஊருக்கு உண்டான நெரிசல் எல்லாம் எங்களுக்கு உண்டு, பெரிய ஊரின் சம்பளம் மட்டும் இல்லை. அதனால் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டு ஆண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து, பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே என்று மோட்டார் சைக்கிளைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்து, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். நானும் போகிறேன். அங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நான் குடியிருக்கும் தெரு பகலில் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

வேலையைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எனக்கு வேண்டியிருந்தது வாரத்தில் ஒரே ஒரு நாள். என் மகளும் நானும் ஒன்றாக வீட்டில் இருக்கிற ஒரு நாள். அந்தப் பக்கம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. மகள் சின்னவளாக இருந்தபோது இங்கேயும் ஞாயிறு விடுமுறைதான். அப்போதெல்லாம் மூவரும் காலையில் கோயிலுக்குப் போவோம், பிறகு தெருவோர ஒட்டுக்கடையில் பசியாறுவோம், வெயில் தாழ்ந்ததும் கடலோரம் போய் அக்கரைக் கட்டடங்களைப் பார்ப்போம். "அதுல எதுப்பா உங்க கட்டடம்?" என்று கேட்பாள். நான் ஏதாவது ஒன்றைக் காட்டுவேன். என் கிடங்கு அங்கிருந்து தெரியவே தெரியாது.

அவள் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். என் மனைவி அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கும் வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போனார்கள். சனிக்கிழமை சந்தைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தால் வீட்டில் ஈ, காக்கை இருக்காது. சமையல் மேடையில் மூடிவைத்த மீகூன் சேமியா மட்டும் இருக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் சனி, ஞாயிறானால் குடும்பம் குடும்பமாகப் பாலம் தாண்டி வந்து எங்கள் பேரங்காடிகளில் கைகோத்து நடப்பார்கள். நான் தனியாக நின்று அவர்கள் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்பதைப் பார்ப்பேன். பொறாமையாக இருக்கும், வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

வழி கண்டுபிடித்தது மகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சீருடையோடு வந்து என் கட்டிலோரம் நின்றாள். "அப்பா, எனக்கு வயித்த வலிக்குது" என்றாள். மனைவி முறைத்தாள். நான், "இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன், நீ வேலைக்குப் போ" என்றேன்.

தாமான் முனையில் இருந்த தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், பள்ளிக்கூடத்துக்கு டாக்டரின் எம்.சி. சான்று வேண்டுமே. டாக்டர் நம்மவர், வயதானவர். அவள் வயிற்றை இங்கே அங்கே அழுத்திப் பார்த்தார். "எங்கம்மா வலிக்குது?" அவள் யோசித்து ஓர் இடத்தைக் காட்டினாள். டாக்டர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "அப்பாவுக்கு இன்னிக்கு ஆஃபா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "வெளிய உக்காந்திருக்கிற பிள்ளைங்க எல்லாத்துக்கும் இதே வயித்துவலிதான்" என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தேன். வரிசையாக என்னைப் போலத் தூக்கம் தெளியாத அப்பாக்கள், பக்கத்தில் தெம்பாகக் காலாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தோம்.

எல்லா வாரமும் முடியாது. மாதத்தில் ஒன்றிரண்டு முறை அந்த வலி வரும். பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பாசிரியை ஒருமுறை கைப்பேசியில் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படிங்க உடம்புக்கு முடியாம போகுது?"

கேட்டுவிட்டு அவரே, "எங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கந்தான் வேலை செய்றாரு" என்று சொல்லிவிட்டு, மகள் கணக்கில் பின்தங்குகிறாள் என்பதைப் பேசி வைத்துவிட்டார்.

இப்படித் திருடிச் சேர்த்த ஞாயிறுகளில் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், பெரும்பாலும் நான் தூங்கினேன். கிளினிக்கிலிருந்து வந்து பசியாறியதும், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று படுப்பேன். வாரம் முழுக்கப் பாலத்து நெரிசலில் நின்ற உடம்பு, மதியம் தாண்டித்தான் எழுந்திருக்கும். அவள் கூடத்தில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். தாமானுக்குள் மோட்டாரில் ரொட்டி விற்பவர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். அவர் எங்கள் சந்துக்குள் திரும்புவதற்கு முன்பே ஓடிப்போய்க் கேட்டருகில் நின்று, "அங்கிள், ஹாரன் அடிக்காதீங்க, அப்பா தூங்குறாங்க" என்பாளாம். நாளடைவில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் சந்தில் ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டார். இதெல்லாம் பக்கத்து வீட்டார் மனைவியிடம் சொல்லி, மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலை முடிந்து வந்ததும் அவள் மகளைக் கேட்பாள், "லீவு போட்டுட்டு அப்பாவோட என்ன செஞ்ச?" என்று. "அப்பா தூங்குனாங்க" என்பாள் மகள். அதில் குறையே இருக்காது. போய்ப் பார்த்துவிட்டு வந்த இடத்தைச் சொல்வது மாதிரி சொல்வாள்.

ஆறாம் ஆண்டில் பள்ளி விளையாட்டுப் போட்டி ஒரு சனிக்கிழமை நடந்தது. சூப்பர்வைசரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு திடலுக்குப் போனேன். கோல் மாற்றி ஓடும் அஞ்சல் ஓட்டத்தில் கடைசியாக அவள்தான் ஓடினாள். மற்றப் பிள்ளைகள் கோட்டைத் தாண்டியதும் பெற்றோர் கூடாரத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், பிறகு தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. நானே தேடிப்போய் நின்றபோது பதறிவிட்டாள். "வீட்டுல யாருக்கும் என்னமும் ஆயிருச்சாப்பா?" என்று கேட்டாள்.

இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றுக்கு வந்ததும் வயிற்றுவலி நின்றுவிட்டது. "இனிமே லீவு போட முடியாதுப்பா, பரீட்சை இருக்கு" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். நல்லதுதானே என்றேன். வேறு என்ன சொல்வது? அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்டுக்கடைக்குத் தனியாகப் போனேன். அங்கே எல்லா மேசையிலும் தனி ஆண்கள்தான். ஆளுக்கொரு கிளாஸ் தே தாரே தேநீரை வைத்துக்கொண்டு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்போம். பேச்சு வந்தால் பாலத்து ஜாமைப் பற்றித்தான் வரும். விடுமுறை நாளிலும் அந்தப் பாலத்திலேயே நின்றோம்.

பிறகு தொற்று வந்தது, பாலத்தை மூடினார்கள். வேலையை விட முடியாமல் அந்தப் பக்கமே தங்கினேன். மாதக்கணக்கில் ஒரே அறையில் நாலு பேர். நீர்ச்சந்தியின் விளிம்பில் நின்றால் எங்கள் ஊர் தெரியும். முன்பு மகளோடு நின்று பார்த்த அதே இடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். காணொளி அழைப்பில் அவள் வளர்ந்துகொண்டே போனாள். பாலம் திறந்து நான் வீடு வந்த கொஞ்ச நாளிலேயே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே ஒரு கல்லூரிக்கு ஹோட்டல் நிர்வாகம் படிக்கப் போய்விட்டாள்.

அவள் அங்கே கடைசிப் பருவம் படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஜொகூரில் மறுபடியும் சனி, ஞாயிறு விடுமுறை. ஒட்டுக்கடையில் ஒருவர் கைப்பேசியில் வாசித்துக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர், "எம் புள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சிருச்சு, இப்பத்தான் குடுக்குறானுங்க" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

முதல் ஞாயிறு வந்தது. மனைவி வீட்டில் இருந்தாள். கூடத்தைப் பெருக்கும்போது என் காலைத் தூக்கச் சொன்னாள். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, "நீங்க ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். கல்யாணமான புதிதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "எப்ப வேணாலும்" என்றேன். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டதும் அவள் அறைக்குள் போய்விட்டாள், நான் மோட்டாரைக் கழுவினேன்.

படிப்பை முடித்த மகள் வேலைக்கு எங்கே போவாள்? இந்த ஊர்ப் பிள்ளைகள் போகிற இடத்துக்குத்தான் போனாள். சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை. தினமும் பாலம் தாண்டிக் கட்டுப்படியாகாது என்று அங்கேயே அறை எடுத்துத் தங்கினாள். ஷிப்ட் வாராவாரம் மாறும், விடுமுறை நாளும் மாறும். ஞாயிறு மட்டும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் கூட்டம். பாலத்துக்கு ஒரே பக்கத்தில் இருவரும் வேலை செய்தோம். அவள் விழித்திருக்கும்போது நான் வேலையில் இருந்தேன், நான் வீடு திரும்பும்போது அவள் ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

ஒரு வாரம் கூப்பிட்டாள். "அப்பா, எனக்குச் செவ்வாய்க்கெழம ஆஃப். வீட்டுக்கு வர்றேன். நீங்க வேலைக்குப் போயிருவீங்கல்ல?"

"எனக்கும் அன்னிக்கு ஆஃப்தாம்மா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வயிற்றுவலி என்று சொன்னேன். அந்தச் சொல் வாயில் வந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. ஜொகூர் எம்.சி. செல்லாது, சம்பளத்தில் பிடிப்போம் என்றார். பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். மாலையில் பழைய கடலோரத்துக்குப் போகலாம், இந்தத் தடவை உண்மையிலேயே அவள் ஹோட்டல் எந்தப் பக்கம் என்று கேட்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரவு ஷிப்டை முடித்துக்கொண்டு நேரே வந்தாள். பாலத்தில் பேருந்துக் கூட்டத்தில் நின்று வந்ததில் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தட்டில் போட்டதில் இரண்டு வாய் சாப்பிட்டாள். "நல்லாருக்குப்பா. கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன், அப்புறம் பேசுவோம்" என்று அறைக்குள் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை, அப்படியே சரிந்துவிட்டாள்.

நான் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் வைத்தேன். மதியம் ஆனது. எழுப்பலாமா என்று வாசல்வரை போய்ப் போய் வந்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எழுப்ப மனம் வரவில்லை. தூரத்தில் ரொட்டி மோட்டாரின் ஹாரன் கேட்டது. பழைய ஆள் இல்லை, இப்போது வேறு யாரோ. செருப்பைக்கூடப் போடாமல் கேட்டுக்கு ஓடி, அடிக்க வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

மாலையில் பதறிக்கொண்டு எழுந்தாள். "ஏம்பா எழுப்பல? ஜாம் ஆயிரும், நான் போவணும்லா." தலையைச் சீவிக்கொண்டே பையைத் தூக்கினாள். பேருந்து நிலையத்துக்கு மோட்டாரில் கொண்டுபோய் விட்டேன். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்தாள். தலைக்கவசத்துக்குள் ஒன்றும் பேச முடியவில்லை. இறங்கியதும், "அடுத்த வாரம் என்னிக்கும்மா ஆஃப்?" என்று கேட்டேன். "இன்னும் தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு வரிசையைப் பிடிக்க ஓடினாள்.

நான் வீடு திரும்பியபோது மனைவி வேலையிலிருந்து வந்திருந்தாள். மீன்குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தாள். அப்படியே இருந்தது.

"லீவு போட்டுட்டுப் புள்ளையோட என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"தூங்குனா" என்றேன்.